பிரித்துத் தைக்க முடிந்த தலையணை

தலையணை வாங்கப் போகிறவர் கடையில் மூன்று கேள்வி கேட்பார். விலை என்ன, எத்தனை வருஷம் உழைக்கும், இதைவிட மெத்தென்று வேறு இருக்கிறதா? கடைக்காரரும் மூன்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்வார். தலையை வைத்து அமுங்கிய பிறகு அது என்ன உயரத்தில் நிற்கும், அந்த உயரம் எனக்கு ஒத்துவருமா என்று கேட்பவர் அபூர்வம். தலையணை பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படித்தால், பாதி விஷயம் அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. மீதிப் பாதி, நாம் குடியிருக்கும் ஊரின் ஈரத்தில் இருக்கிறது.

கீழ்க்கட்டளையை வைத்து இரண்டையும் பார்க்கலாம். மேடவாக்கம் பிரதான சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையும் சந்திக்கும் ஊர். பல்லாவரம் நகராட்சியில் இருந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்தது. ஊருக்குள்ளேயே ஏரி, கிழக்கே போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பாயில் படுக்கும் பாட்டி, ஸ்பிரிங் மெத்தையில் படுக்கும் பேரன், ஓ.எம்.ஆர். கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து விடிந்தபின் கண்ணயரும் பேத்தி என்று மூன்று விதமாகத் தூங்குகிறவர்கள் இங்கே ஒரே வீட்டில் இருப்பார்கள். மூவர் தலைக்குக் கீழேயும் இருப்பது ஆடித் தள்ளுபடியில் குரோம்பேட்டையில் வாங்கிய ஒரே அளவுத் தலையணை.

ஒரே அளவு மூவருக்கும் பொருந்தாது. ஆளுக்கும் படுக்கைக்கும் தக்கபடி உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதும், நன்றாக உலர்த்த முடிவதும்தான் இந்த ஊருக்கு நல்ல தலையணை. உள்ளே அடைத்த பொருள் என்ன என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கழுத்து கேட்பது என்ன

தலையின் எடை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ. அதைத் தாங்குவது ஏழு கழுத்தெலும்புகள், முன்பக்கம் சற்று வளைந்த ஒரு வரிசை. நிற்கும்போதும் உட்காரும்போதும் தசைகள் அந்த வளைவைப் பிடித்து வைத்திருக்கின்றன. தூக்கத்தில் தசை தளர்ந்துவிடும். அப்போது அந்த வேலையைத் தலையணை செய்தாக வேண்டும்.

மல்லாந்து படுப்பவருக்கு, முதுகுக்கும் பிடரிக்கும் இடையில் உள்ள பள்ளத்தை நிரப்பினால் போதும். தலையணை அதிகம் உயர்ந்தால் முகவாய் நெஞ்சை நோக்கி மடங்கும். மூச்சுக்குழல் நெருங்கும், குறட்டையும் கூடும். ஒருக்களித்துப் படுப்பவரின் நிலைமை வேறு. காதுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு முழுத் தோளின் அகலம் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பாத தலையணையில் கழுத்து கீழே சாயும். மிகையாக நிரப்பினால் மேலே வளையும். கவிழ்ந்து படுப்பவருக்குத் தலையணையே தேவையில்லை, அல்லது மிக மெல்லியது போதும். அவர் கழுத்து ஏற்கெனவே ஒரு பக்கம் முழுக்கத் திரும்பியிருக்கிறது, அதன்மேல் உயரமும் சேர்ந்தால் காலையில் 'பிடிச்சிக்கிச்சு' என்று எழுவார்.

படுக்கையும் இந்தக் கணக்கில் உண்டு. கோரைப்பாய் விரித்துத் தரையில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் கீழே இறங்காது. ஆகவே தோளின் முழு அகலத்துக்கும் தலையணை ஈடு கொடுக்க வேண்டும். அதே ஆள் மெத்தென்ற ஃபோம் மெத்தைக்கு மாறினால் தோள் சில சென்டிமீட்டர் புதையும், தலை அவ்வளவு புதையாது. நேற்றுவரை சரியாக இருந்த தலையணை இன்றைக்கு உயரமாகிவிடும். புது மெத்தை வாங்கிய வீட்டில் ஒரு மாதம் கழித்துக் கழுத்துவலி வந்தால் மெத்தையைத் திட்டுவார்கள். பல நேரம் மாற்ற வேண்டியது பழைய தலையணையைத்தான்.

உயரம்: ஜப்பான் சொல்லும் சேதி

தலையணை உயரத்தை ஜப்பான்காரர்கள் அளவுக்கு மெனக்கெட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அங்கே எடோ காலத்தில் குடுமி கலையாமல் இருக்க உயரமான, கெட்டியான தலையணை வைத்துப் படுத்தார்கள். 'பிரபுத் தலையணை' என்று அதற்குப் பெயர். அக்காலத்துக் குறிப்பு ஒன்று, சுமார் 12 செ.மீ. உயரம் சுகத்துக்கு, 9 செ.மீ. உயரம் ஆயுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறது.

அந்தப் பழைய சொல்லுக்கு 2024இல் ஓர் எதிரொலி கிடைத்தது. ஒசாகா வட்டாரத்தில் உள்ள தேசிய மூளை, இதய நோய் மையத்தின் மருத்துவர்கள், கழுத்தின் பின்பக்கமாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் காரணம் தெரியாமல் கிழிந்து பக்கவாதம் வரை போன 53 நோயாளிகளை, அதே எண்ணிக்கையிலான மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். கிழிசல் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் 12 செ.மீ.க்குக் குறையாத உயரம் வைத்துப் படுப்பவர்கள். மற்றவர்களில் அது 15 சதவீதம். 15 செ.மீ.யும் அதற்கு மேலும் வைத்தவர்களைப் பார்த்தால் 17 சதவீதத்துக்கு 2 சதவீதம்கூட இல்லை. தலையணை கெட்டியாக இருந்தால் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நோய்க்கு அவர்கள் வைத்த பெயரே 'பிரபுத் தலையணை நோய்'.

இதைப் படித்துப் பதற வேண்டாம். அது மிக அரிய நோய், ஆய்வும் சிறியது, தொடர்பைக் காட்டுகிறதே தவிர, தலையணைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டு தலையணையை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, முகவாய் நெஞ்சில் இடிக்க, செல்போன் பார்த்தபடியே தூங்கிப்போவது. கெட்டியாக அடைத்த இரண்டு தலையணை சேர்ந்தால் 15 செ.மீ. சுலபமாகத் தாண்டும். அதைக் கைவிட இந்த ஆய்வு போதுமான காரணம்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஜப்பானில் சாகாமிஹாரா நகர எலும்பியல் மருத்துவர் ஷூவோரி யாமதா தலையணைக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறார். அவர் சொல்லித்தரும் தலையணை, வாசலில் போடும் கெட்டி மிதியடியை மடித்து, அதன்மேல் துண்டை மடித்து அடுக்கியது. படுத்துப் பார்த்து, அரை சென்டிமீட்டர் அளவில் கூட்டிக் குறைத்து, புரண்டு படுக்கச் சிரமமில்லாத உயரத்தை அவர் தேர்கிறார்.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். தட்டையான பழைய தலையணை ஒன்று, பூத்துவாலை இரண்டு மூன்று. வழக்கமாகப் படுக்கும் படுக்கையிலேயே ஒருக்களித்துப் படுங்கள். முதுகுப் பக்கம் நின்று வீட்டில் ஒருவர் செல்போனில் படம் எடுக்கட்டும். பிடரி நடுவிலிருந்து முதுகுத்தண்டு வழியே இடுப்புவரை மனசால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு கழுத்தில் கீழ்நோக்கி ஒடிந்தால் இன்னொரு மடிப்புத் துவாலை. மேல்நோக்கி ஒடிந்தால் ஒரு மடிப்பைக் குறைக்க வேண்டும். கோடு நேரானதும், தலை அழுத்தியபடி இருக்கும்போதே தலையணையின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் கேட்க வேண்டிய எண் அது. வெளிவந்த ஆய்வுகளில் அடிக்கடி தட்டுப்படும் வரம்பு 7 முதல் 11 செ.மீ. தோள் அகன்றவர், பாயில் படுப்பவர் மேல் எல்லைக்கு அருகில் வருவார்; மெலிந்தவர், மெத்தையில் படுப்பவர் கீழே வருவார்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள்

இந்தப் பக்கத்துக் கடைகளிலும் தெருக்களிலும் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. இலவம் பஞ்சு, 'ரெக்ரான்' என்று பிராண்டுப் பெயராலேயே அழைக்கப்படும் பாலியெஸ்டர் பஞ்சு, மெமரி ஃபோம், லேடக்ஸ். ஐந்தாவதாக, விலை மலிவாக, மில் கழிவுப் பஞ்சு. அது பல நேரம் இலவம் பஞ்சு என்ற பெயரிலேயே வந்துவிடும்.

இலவத்துக்குத் தமிழ்நாட்டில் பேர்போன ஊர் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளில் கோடையை ஒட்டிக் காய் முற்றும். ஓட்டை உடைத்து, கொட்டை நீக்கி, பஞ்சைப் பிரிக்கும் பேட்டைகள் அங்கே உண்டு. ஆத்திசூடியில் ஔவையார் தூக்கத்துக்கென்று பெயர் சொல்லும் பொருள் இந்தப் பஞ்சுதான். காதி கடைகளில் இன்றும் இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் தனி இடம் இருக்கிறது.

இதன் இழை உள்ளே காலியான குழல். அதில் பெரும்பகுதி காற்று, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. அதனால் பருத்தியைவிட இலேசு, தண்ணீர் ஒட்டாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பல்களில் மிதவைச் சட்டை அடைக்க உலகமே ஜாவாத் தீவின் இலவத்தை நம்பியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எருக்கின் இனத்துச் செடி ஒன்றின் காய்களைப் பொறுக்கி, அந்தப் பஞ்சால் ஈடுகட்டினார்கள்.

தலையணைக்கு இலவத்தின் பெரிய பலம், பிரித்துத் தைக்கலாம் என்பது. புறநகர்த் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய சின்ன வண்டி வரும். காடாத் துணியில் தைத்த பையைத் தூக்குத் தராசில் மாட்டி, எடை போட்டு அடைப்பார்கள். "ஒண்ணரை கிலோ போட்டுத் தரேன்க்கா, கல்லு மாதிரி நிக்கும்." "கல்லு எதுக்குண்ணே, எனக்குக் கழுத்துவலி. ஒரு கிலோ போடுங்க, அமுக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்." அடைப்பவர் முதலில் நான்கு மூலைக்கும் பஞ்சைக் கையால் தள்ளுவார். பிறகு நடு வயிறு. குச்சியால் நாலு தட்டு தட்டிப் பரப்பி, வாயைக் கோணி ஊசியால் தைத்துவிடுவார். நிறையப் போட்டால் நல்ல தலையணை என்று நினைப்பவர்கள் அதிகம். விற்பவருக்கும் அதில் லாபம். அந்த அக்கா சொன்னபடி குறைவாகப் போட்டு, அமுக்கிப் பார்த்து, தேவையானால் ஒரு பிடி சேர்ப்பதுதான் சரியான முறை. வீட்டுக்கு வந்தபின் உயரமாகத் தெரிந்தால் தையலைப் பிரித்து ஒரு பிடி எடுத்துவிடலாம். மற்றவற்றில், ஜிப் வைத்த சில ரெக்ரான், துண்டு லேடக்ஸ் தலையணைகளைத் தவிர, இந்த வசதி கிடையாது.

கலப்படம் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தைக்கும் முன் ஒரு சிட்டிகை பஞ்சை வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். பருத்தி முறுக்கேறி நூலாகி நிற்கும். இழுத்தால் கொஞ்சம் எதிர்த்துத்தான் அறும். இலவம் பட்டுப்போல மினுங்கும், முறுக்கை விட்டதும் பிரியும், இழுத்தால் எதிர்ப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். கையில் பொத்திப் பிடித்து விட்டால் மேலெழும். கழிவுப் பஞ்சு அமுங்கியது அமுங்கியபடியே கிடக்கும்.

பலவீனமும் உண்டு. இலவம் பஞ்சைத் துவைக்க முடியாது. நனைந்தால் கட்டி தட்டும். சில ஆண்டுகளில் இழை முறிந்து பொடியாகி, தூசாகக் கசியத் தொடங்கும். ஆஸ்துமாக்காரருக்கு அந்தத் தூசு ஆகாது. தீ பட்டால் குபீரென்று பற்றும். பாயில் படுப்பவர்கள் தலைமாட்டில் கொசுவத்தி வைக்கும் வழக்கத்தோடு இந்தத் தலையணை சேரக் கூடாது.

ரெக்ரான் வகை மலிவு, துவைக்கலாம், தூசு இல்லை. ஆனால் சீக்கிரம் நடுவில் குழி விழும். கடையில் 20 செ.மீ. உப்பலாகத் தெரிவது, தலை வைத்ததும் எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்க முடியாது. மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருளின் வழித்தோன்றல். சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஏ.சி. போட்ட ஷோரூமில் அமுக்கிப் பார்த்து வாங்கியது, மின்விசிறி மட்டும் ஓடும் மே மாதத்துக் கீழ்க்கட்டளைப் படுக்கையறையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சூட்டையும் பிடித்து வைக்கும். லேடக்ஸ் ரப்பர் பாலை நுரைக்கவிட்டுக் கெட்டியாக்கியது. 1929இல் டன்லப் நிறுவனத்தில் பிறந்த முறை. நமக்கு அந்நியமான பொருளும் இல்லை, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. அமுக்கினால் உடனே எழும்பும், உயரத்தைப் பல ஆண்டு காக்கும். விலை அதிகம், எடையும் அதிகம்.

சோதனையில் எது தேறியது

தலையணை ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஆஸ்திரேலியாவின் சூசன் கார்டனும் சகாக்களும் 2009இல் வெளியிட்டது. ஒருக்களித்துத் தூங்கும் 106 பேருக்கு ஐந்து வகைத் தலையணைகளை ஒவ்வொரு வாரம் கொடுத்து, காலையில் எழுந்ததும் கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுத வைத்தார்கள். பாலியெஸ்டர், சாதா ஃபோம், நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடும் வைத்த வளைவு ஃபோம், இறகு, ரப்பர். முதலில் வந்தது ரப்பர், அதாவது லேடக்ஸ். கடைசியில் நின்றது இறகு. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவி பரப்பியிருக்கிறது. அந்தப் பெருமைக்குரிய பொருளின் வகையறா, கழுத்து விஷயத்தில் இங்கே தோற்றது. இறகு அமுங்கிக்கொண்டே போகும், திரும்ப எழும்பாது.

வளைவு ஃபோமுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இந்த ஆய்வில் தெரியவில்லை. நம் கடைகளில் 'ஆர்த்தோ', 'செர்விகல்' என்று சீட்டு ஒட்டிக் கூடுதல் விலைக்கு விற்பது பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான். அந்த மேடு சிலருக்குப் பொருந்தும், சிலருக்கு உறுத்தும். ஒரே மேடு எல்லாத் தோளுக்கும் எப்படிச் சரியாகும்?

1997இல் அமெரிக்காவில் லாவினும் சகாக்களும் கழுத்துவலிக்காரர்கள் 41 பேரிடம், அவரவர் வழக்கமான தலையணை, உருளைத் தலையணை, அடியில் தண்ணீர்ப் பை வைத்தது என்று மூன்றைச் சோதித்தார்கள். காலை வலியைக் குறைத்ததில் முந்தியது தண்ணீர் வைத்தது. அதில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து உயரத்தையும் கெட்டித்தன்மையையும் மாற்றலாம் என்பது கவனிக்கத்தக்கது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த மதிப்பாய்வும், ரப்பர், ஸ்பிரிங் தலையணைகள் கழுத்துவலியைக் குறைக்கின்றன என்று சொன்னது. நாள்பட்ட கழுத்துவலிக்காரர்களின் தூக்கத்தின் தரத்தில் தலையணை வகை பெரிய மாற்றம் செய்ததாகத் தெரியவில்லை என்பதையும் அதே மதிப்பாய்வு சொல்கிறது. தலையணையை மாற்றினால் தூக்கமே மாறிவிடும் என்ற விளம்பரத்தை இதை வைத்து எடைபோடலாம்.

கார்டன் கொடுத்த ஐந்தில் இலவம் பஞ்சு கிடையாது. ஆகவே இலவம் லேடக்ஸை வெல்லும் என்றோ தோற்கும் என்றோ அந்த எண்களை வைத்துச் சொல்வது நியாயமில்லை. ஜெயித்தவற்றின் பொதுக் குணத்தைப் பார்க்கலாம். லேடக்ஸ் உயரத்தை இழப்பதில்லை. தண்ணீர்ப் பை உயரத்தை மாற்றவிடுகிறது. நன்றாக அடைத்த, அவ்வப்போது பிரித்துப் புதுப்பிக்கும் இலவம் பஞ்சில் இரண்டாவது குணம் இயல்பாக உண்டு. முதல் குணத்துக்குத்தான் வெயில் வேண்டும்.

ஏரிக்கரை ஊரின் ஈரம்

படுக்கையில் வாழும் தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குத் தீனி. தண்ணீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் இருந்தால் அது பிழைக்காது. சென்னையில் அந்தப் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. பூச்சியின் கழிவுதான் தும்மல், மூக்கடைப்பு, ஆஸ்துமா ஆகியவற்றைத் தூண்டுகிறது. நாம் மணிக்கணக்கில் மூக்கைப் புதைத்து வைத்திருப்பது தலையணையில்.

'தூசு ஒத்துக்கொள்ளாதவர் பஞ்சை விட்டு செயற்கை இழைக்கு மாறுங்கள்' என்பது பழகிய அறிவுரை. 1996இல் நியூசிலாந்தின் வெலிங்டன் ஆய்வாளர்கள் அதைப் பரிசோதித்தபோது, இறகுத் தலையணையைவிட பாலியெஸ்டர் தலையணையில்தான் பூச்சிக் கழிவு அதிகம் இருந்தது. இறகு வெளியே வராமலிருக்க அதன் உறைத் துணியை நெருக்கமாக நெய்கிறார்கள். பூச்சி புகவும் அதே நெருக்கம்தான் தடை. பாலியெஸ்டருக்கு அந்த அவசியம் இல்லாததால் துணி தளர்வு. உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட வெளியே எது மூடியிருக்கிறது என்பது இங்கே முக்கியமாகிறது. கரூர், சென்னிமலை நெசவு நமக்குக் கைக்கெட்டும் தூரம். நெருக்கமாக நெய்த பருத்தி உள்ளுறை ஒன்று, வாராவாரம் துவைக்கும் மேலுறை ஒன்று என்று இரண்டு போடுவது எந்தத் தலையணைக்கும் நல்லது. மேலுறையை 55, 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும். சூடேற்றும் வசதி இல்லாத வாஷிங் மெஷினுக்கு முன், கீசர் வெந்நீர் வாளியில் ஊறவைத்தால் போதும்.

பூஞ்சை இன்னொரு குடித்தனக்காரர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை ஆண்டு முதல் 20 ஆண்டு வரை பழகிய தலையணைகளில் ஒவ்வொன்றிலும் 4 முதல் 16 வகைப் பூஞ்சை இருந்தது. செயற்கை இழையில் வகைகள் கூடுதல். குளிர்நாட்டுக் கணக்கே இப்படி. வடகிழக்குப் பருவமழையின்போது இரண்டு வாரம் வெயில் முகம் காட்டாத நம் பகுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு தென்சென்னைப் புறநகர்த் தெருமுனைகளில் குவிந்த குப்பையில் மெத்தையும் தலையணையும் கிடந்தன. வெள்ளநீர் ஏறிய தலையணையைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே ஊறிய அழுக்கும் பூஞ்சையும் போகாது.

கழுத்து சுளுக்கினால் தலையணையைத் தூக்கி வெயிலில் போடு என்று பாட்டிமார் சொல்வதுண்டு. கேலி செய்யத் தேவையில்லை. அமுங்கிய இலவம் பஞ்சு வெயிலில் உலர்ந்து, தட்டினால் உப்பி, பழைய உயரத்துக்கு வரும். அன்றிரவு கழுத்துக்குத் தாங்கல் கிடைக்கும். நேரடி வெயில் பூச்சியைக் கொல்லும் என்று 1994இல் ஆஸ்திரேலியாவின் டோவியும் வுல்காக்கும் தரைவிரிப்புகளில் காட்டினார்கள். செத்த பூச்சியின் கழிவு அப்படியே இருக்கும் என்பதால், தட்டி உதறுவதையும் வெளியிலேயே செய்ய வேண்டும். லேடக்ஸ், மெமரி ஃபோம் இரண்டுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. வெயிலில் அவை சிதையும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும்.

சிலருக்குத் தனிக் கணக்கு

கைக்குழந்தைக்குத் தலையணை கூடாது. ஒரு வயதுவரை கெட்டியான, தட்டையான படுக்கையில் மல்லாத்திப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தலை உருண்டையாக வேண்டும் என்று கடுகு அடைத்த சின்னத் தலையணை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தலை வடிவத்துக்கென விற்கும் குழந்தைத் தலையணைகள் மூச்சுத்திணறல் அபாயம் கொண்டவை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எச்சரித்தது. கடுகுத் தலையணைக்கும் அது பொருந்தும்.

கர்ப்பிணிகளுக்கு மாதம் ஏற ஏற ஒருக்களித்துப் படுப்பதே தோது. தலைக்கு ஒன்றோடு, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று வைத்தால் இடுப்பு இழுக்காது. நெஞ்செரிச்சல்காரர் தலைக்கு மட்டும் அடுக்கடுக்காகப் போட்டால் வயிறு மடங்கி எரிச்சல் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துவது மேல். முதுகு கூனிய முதியவருக்கு மல்லாந்து படுக்கும்போது தலைக்கும் படுக்கைக்கும் இடைவெளி அதிகம். அவருக்கு மெல்லிய தலையணை தண்டனை.

இதய நோயாளியிடம் மருத்துவர், "எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறீங்க?" என்று கேட்பது பேச்சுக்காக இல்லை. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது இதயம் சரியாக இறைக்காததன் அறிகுறியாக இருக்கலாம். ஒன்றில் படுத்தவர் இரண்டு, மூன்று என்று தேடத் தொடங்கினால், பார்க்க வேண்டியது மருத்துவரை. அதுபோலக் கழுத்துவலியோடு கை மரத்துப்போனாலும், பிடி தளர்ந்தாலும் தலையணை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எதை வாங்குவது

முதலில் துவாலைச் சோதனை, செலவில்லை. அமுங்கிய உயரம் தெரிந்த பிறகு பொருளை முடிவு செய்யலாம். மொட்டை மாடியோ வெயில் விழும் பால்கனியோ உள்ள வீட்டுக்கு, தூசு ஒத்துக்கொள்பவருக்கு, இலவம் பஞ்சே முதல் தேர்வு. எடையைக் குறைத்துச் சொல்லி, கண்முன் அடைக்கச் சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புதுப் பஞ்சு சேர்த்து, பொடி கசிந்தால் மாற்றிவிட வேண்டும். வெயிலே விழாத அடுக்ககத்தில், நாள்பட்ட கழுத்துவலி உள்ளவருக்கு, கையில் காசும் இருந்தால், அளந்த உயரத்தில் லேடக்ஸ். ஆஸ்துமாக்காரருக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் ஜிப் வைத்த, பஞ்சை எடுத்துக் குறைக்க முடிந்த, துவைக்கக்கூடிய ரெக்ரான், நெருக்கமாக நெய்த உள்ளுறையோடு. நடுவில் குழி விழுந்ததும் தயங்காமல் மாற்ற வேண்டும். மெமரி ஃபோம், இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அறைக்கு மட்டும்.

கீழ்க்கட்டளையிலும் மடிப்பாக்கத்திலும் கோவிலம்பாக்கத்திலும் தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்களாக எழுகின்றன. பல இடங்களில் மொட்டை மாடிக்குப் பூட்டு, சாவி சங்கச் செயலாளரிடம். காரணமும் சொல்வார்கள்: சோலார் தகடு, தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகள் ஏறி விழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை படுக்கை காயவைக்க மாடியைத் திறந்துவிடும் தீர்மானம் ஒன்றை அடுத்த கூட்டத்தில் போடலாம். பராமரிப்புக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது.